இருவரும் தலசீமியா மைனர், சொந்தத்தில் திருமணம்: பி.ஜி.டி.-எம் தொடங்குமுன் வீட்டுப் பெரியவர்களின் ரத்தம் எதற்கு?

காவேரிக்கரை கேட்டது:

வணக்கம். எனக்கு 29 வயது, கணவருக்கு 33. அவர் என் அத்தை மகன். என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காவின் பிள்ளை. இருவருக்கும் பீட்டா தலசீமியா மைனர், அதாவது நோயில்லாமல் பிறழ்வை மட்டும் சுமக்கும் கேரியர்கள். ஹீமோகுளோபின் வகைகளை அளக்கும் ஹெச்.பி.எல்.சி. சோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 எனக்கு 5.4, அவருக்கு 5.1 சதவீதம். ஹீமோகுளோபினுக்கான ஹெச்.பி.பி. மரபணுவைப் படித்ததில் இருவருக்கும் ஒரே பிறழ்வுதான் வந்திருக்கிறது: ஐ.வி.எஸ். 1-5, ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. குழந்தை இல்லை. கருத்தரிப்பதில் தடை இருப்பதாக எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை.

ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவுறச் செய்வது) செய்து, பி.ஜி.டி.-எம் முறையில் கருவின் மரபணுவைச் சோதித்து, தலசீமியா மேஜர் (இரண்டு பிரதியிலும் பிறழ்வுள்ள கடும் நோய்) இல்லாத கருவை மட்டும் வைக்கலாம் என்கிறார்கள். நான்கு விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

ஒன்று: பிறழ்வு எதுவென்று தெரிந்துவிட்டது. கருவிலிருந்து எடுக்கும் செல்லில் அந்த ஒரு எழுத்தை மட்டும் பார்த்தால் போதாதா? ஆறு வாரம் முன்தயாரிப்பு, பெற்றோர் ரத்தம் எல்லாம் எதற்கு? அத்தை காலமாகிவிட்டார். மாமா, அதாவது கணவரின் அப்பா, இருக்கிறார். என் அப்பா, அம்மா இருவரும் இருக்கிறார்கள்.

இரண்டு: சொந்தத்தில் கட்டியதால் சோதனை கடினமாகும் என்றார்கள். ஏன்?

மூன்று: எத்தனை முட்டை எடுத்தால் கடைசியில் எத்தனை கரு மிஞ்சும்?

நான்கு: கருவின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்கும் பி.ஜி.டி.-ஏ சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறார்கள். அவசியமா?

மூலக்கூறு எழுதியது:

முதல் இரண்டு கேள்விகளுக்குப் பரிசோதனைக்கூடத்தின் பக்கமிருந்து பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. சுமார் 6 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோகிராம். கருவிலிருந்து செல் எடுக்கும் பயாப்ஸியில் 5 முதல் 8 செல் வந்தால், எங்களுக்குக் கிடைப்பது மொத்தம் 30 முதல் 50 பிக்கோகிராம். இதை அப்படியே படிக்க முடியாது. பல லட்சம் மடங்கு பெருக்க வேண்டும். சிக்கல் பெருக்கும் இடத்தில்தான். ஒவ்வொரு மரபணுவுக்கும் அம்மா வழியில் ஒரு பிரதி, அப்பா வழியில் ஒரு பிரதி இருக்கிறது அல்லவா? செல் இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஒரு பிரதி பெருகி, மற்றது விட்டுப்போய்விடலாம். இதை அலீல் டிராப் அவுட், சுருக்கமாக ஏ.டி.ஓ. என்போம். ஒரே செல்லை வைத்துச் சோதித்த காலத்தில் இது பெரிய தலைவலி. 1990-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைடு குழு முதன்முதலில் கருவைச் சோதித்தபோது மூன்றாம் நாள் கருவிலிருந்து செல் எடுத்தார்கள். இப்போது ஐந்தாம், ஆறாம் நாளில் பல செல் எடுப்பதால் ஏ.டி.ஓ. வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஒழியவில்லை.

உங்கள் விஷயத்தில் இது என்ன செய்யும்? இருவருக்கும் ஒரே பிறழ்வு என்பதைக் கவனியுங்கள். கேரியர் கருவில் ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி பிறழ்வு. நல்ல பிரதி விட்டுப்போனால் பிறழ்வு மட்டும் தெரியும். மேஜர் என்று எழுதி, வைக்கத் தகுந்த ஒரு கருவை ஒதுக்கிவிடுவோம். இழப்புதான், ஆனால் நோயுள்ள குழந்தை பிறக்காது. பிறழ்வுப் பிரதி விட்டுப்போனால் அது நார்மல் போலத் தெரியும். பிறப்பது கேரியர் குழந்தை, அதுவும் ஆரோக்கியமான குழந்தையே. கணவன், மனைவிக்கு வெவ்வேறு பிறழ்வுகள் இருக்கும் தம்பதியருக்குத்தான் ஏ.டி.ஓ. ஆபத்து. அங்கே ஒரு பிறழ்வின் இடத்தில் மட்டும் பிரதி விட்டுப்போனால், பாதிக்கப்பட்ட கரு கேரியர் போல வேடம் போடும்.

அப்படியானால் உங்களுக்கு ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறு வழியில் வரும்: கலப்படம். முட்டையைச் சுற்றி ஒட்டியிருக்கும் கியூமுலஸ் செல்கள் உங்களுடையவை, அதாவது கேரியர் செல்கள். அதில் ஒன்று பயாப்ஸிக் குழாயில் விழுந்தால், மேஜர் கருவில் இல்லாத நல்ல பிரதி அங்கே தெரியும். கூடம் கேரியர் என்று எழுதும், மருத்துவர் அந்தக் கருவை வைப்பார். ஒரே எழுத்தை மட்டும் பார்க்கும் சோதனைக்கு இதைக் கண்டுபிடிக்கும் கண் கிடையாது.

அந்தக் கண்தான் மார்க்கர்கள். ஹெச்.பி.பி. மரபணு 11-ஆம் குரோமோசோமின் குட்டைக்கையில் நுனிக்கு அருகில் இருக்கிறது. அதன் இரு பக்கமும், ஏறத்தாழ பத்து லட்சம் எழுத்து தூரத்துக்குள், ஆளுக்கு ஆள் மாறும் இடங்கள் நிறைய உண்டு. பிறழ்வு எந்த மார்க்கர் வரிசையோடு சேர்ந்து பயணம் செய்கிறது என்பதை முன்பே கண்டுபிடித்து வைத்துக்கொண்டால், கருவில் பிறழ்வையும் பார்க்கலாம், அதன் துணைவரிசையையும் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவு எழுதுவோம். கியூமுலஸ் செல் கலந்திருந்தால் உங்களுடைய இரண்டு வரிசையும் ஒரே கருவில் தெரியும். உடனே மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் மார்க்கர் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: பத்து லட்சம் எழுத்து தூரத்தில் குரோமோசோம்கள் குறுக்கே துண்டு மாற்றிக்கொள்ள சுமார் 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஹெச்.பி.பி.க்கு அடுத்தாற்போலவே இந்த மாற்றம் வழக்கத்தைவிட அதிகமாக நடக்கும் இடம் ஒன்று இருப்பதால், ஒரு பக்கத்தை மட்டும் நம்பக்கூடாது.

பிறழ்வு எந்த வரிசையில் ஏறியிருக்கிறது என்று உங்கள் இருவரின் ரத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு வரிசையும் கலந்துதான் தெரியும். பிரித்துக் காட்ட இன்னொரு உறவினர் வேண்டும். முதல் குழந்தை இருந்தால் அதுவே போதும். இல்லாததால் பெற்றோர். அத்தை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மாமாவின் ரத்தம் போதும், அவர் கேரியர் இல்லை என்று ஹெச்.பி.எல்.சி.யும் மரபணுச் சோதனையும் காட்டினால். அவரிடமிருந்து உங்கள் கணவருக்கு வந்த வரிசை நல்லது; மீதி வரிசை அத்தையிடமிருந்து வந்தது, பிறழ்வு அதில்தான். கேரியர் அல்லாத பெற்றோரும் கேரியர் அளவுக்கே உதவுவார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. யார் கேரியரோ அவர் ரத்தம்தான் வேண்டும் என்று அலைகிறார்கள். ஒருவேளை மாமாவும் கேரியராக இருந்தால் கணவரின் கூடப்பிறந்தவர்கள் ரத்தம் தேவைப்படும். ஒவ்வொருவரிடமும் ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் 3 முதல் 5 மி.லி. எடுத்தால் போதும்.

இப்போது சொந்தம் பற்றிய கேள்வி. உங்கள் அப்பாவும் அத்தையும் உடன்பிறந்தவர்கள். தாத்தா, பாட்டி இருவரில் ஒருவரிடமிருந்த பிறழ்வு அப்பா வழியாக உங்களுக்கும், அத்தை வழியாக அவருக்கும் இறங்கியிருக்கலாம். அப்படியானால் உங்கள் இருவரிடமும் பிறழ்வு மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். ஒரு மார்க்கர் பயன்பட, உங்களுடைய இரண்டு வரிசைகளும் அந்த இடத்தில் வேறுபட வேண்டும், கணவரிடம் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அல்லது இதற்கு நேர் எதிராக. இருவருக்கும் பொதுவான வரிசை ஒன்று இருந்தால் அப்படிப்பட்ட இடங்கள் குறைந்துபோகும். இருவரிடமும் ஒரே மாதிரி வேறுபடும் இடங்கள்தான் மிஞ்சும்; அவற்றில் ஏ.டி.ஓ. வந்தால் கேரியரும் மேஜரும் ஒன்றுபோலத் தெரியும். முடியாது என்பதில்லை, தயாரிப்பு அதிகம் வேண்டும். லட்சக்கணக்கான இடங்களை ஒரே சமயம் பார்க்கும் எஸ்.என்.பி. சிப்பில் போதிய மார்க்கர் கிடைக்காவிட்டால், உங்கள் குடும்பத்துக்கென்று தனி மார்க்கர்களைத் தேடிச் சேர்ப்பார்கள்.

இன்னொன்று: இந்தப் பிறழ்வு இந்தியாவில் மிகவும் பரவலானது. எனவே பொதுத் தாத்தாவிடமிருந்துதான் வந்தது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. உங்கள் அம்மா கேரியராக இருந்து, அப்பா கேரியர் இல்லையென்றால் வரிசைகள் வேறாக இருக்கும், வேலை எளிதாகும். முதலில் அப்பா, அம்மா, மாமா மூவருக்கும் ஹெச்.பி.எல்.சி. எடுங்கள்.

முன்தயாரிப்பு அறிக்கை எழுத்தில் வருமுன் முட்டை வளர்க்கும் ஊசி தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அறிக்கையில் மரபணுவின் இரு பக்கமும் பயன்படும் மார்க்கர் எத்தனை என்று இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுழியம் என்றால், முட்டை எடுக்குமுன்பே அதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

கருக்கூடம் எழுதியது:

மேலே ‘மூலக்கூறு’ கலப்படம் பற்றிச் சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அதைத் தடுப்பது எம்பிரியாலஜி கூடத்தின் வேலை.

கணவரின் விந்தணு எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் பி.ஜி.டி.-எம்முக்குப் பெரும்பாலும் இக்ஸிதான் (ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) செய்வோம். சாதாரண முறையில் முட்டையின் ஓட்டில் நிறைய விந்தணு ஒட்டிக்கொண்டு நிற்கும்; அதுவும் கலப்படமாகலாம். தவிர, இக்ஸிக்காக முட்டையைச் சுற்றியுள்ள கியூமுலஸ் செல்களை நொதி போட்டு, மெல்லிய பிப்பெட்டால் உருட்டி உருட்டி நீக்கியாக வேண்டும். அந்தச் சுத்தம் நமக்கு மிகவும் தேவை. பயாப்ஸி அன்று ஒட்டிக்கொண்ட செல் மிச்சம் இருக்கிறதா என்று மறுபடி பார்த்து நீக்க வேண்டும். அவசரக் கூடங்களில் விட்டுப்போவது இந்த இரண்டாவது பார்வைதான்.

ஐந்தாம் அல்லது ஆறாம் நாள், சில கருக்களுக்கு ஏழாம் நாள், பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே நீர் நிறைந்த பந்துபோன்ற கருநிலை) விரிந்ததும் பயாப்ஸி. கருவை ஒரு பிப்பெட்டால் பிடித்து, குழந்தையாக வளரப்போகும் உட்செல் திரளை எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்வோம். லேசரால் ஓட்டில் துளையிட்டு, நஞ்சாக மாறப்போகும் வெளிச்சுவர்ச் செல்களில் 5 முதல் 8 வரை மெதுவாக உள்ளிழுத்து, செல்களுக்கு இடைப்பட்ட இணைப்பில் லேசர் அடித்துப் பிரிப்போம். ஒன்றிரண்டு செல்தான் வந்தது என்றால் ஏ.டி.ஓ. கூடும். பேராசையில் பத்துக்கு மேல் எடுத்தால் கரு ஒட்டும் திறன் குறையும். லேசரைச் செல்லின் மேலேயே அடித்தால் சூட்டில் டி.என்.ஏ. சிதையும், செல் வந்தும் பயனில்லை.

மிகவும் நுட்பமான இடம் அடுத்து வருகிறது. எடுத்த செல்களைக் கழுவி, ஓரிரு மைக்ரோலிட்டர் திரவம் உள்ள சிறு பி.சி.ஆர். குழாயில் இறக்க வேண்டும். இறக்கியபின் செல் உள்ளே விழுந்ததா என்று கண்ணால் உறுதிசெய்ய வழியில்லை. பிப்பெட் நுனியில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டால் குழாய் காலி. கூடத்திலிருந்து ‘பெருகவில்லை’ என்று அறிக்கை வரும். அதற்குக் கரு மோசமானது என்று அர்த்தம் அல்ல. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு அந்தக் கருவையே வேண்டாம் என்கிறார்கள். ஒவ்வொரு கருவுக்கும் கடைசிக் கழுவுத் துளியிலிருந்து செல் இல்லாத ஒரு குழாயும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதில் ஏதாவது பெருகினால் கலப்படம் என்று தெரிந்துவிடும். குழாய் எண்ணும் கரு உறையும் ஸ்ட்ரா எண்ணும் ஒன்றுதானா என்று இரண்டாவது ஆள் ஒருவர் ஒவ்வொரு முறையும் உரக்கப் படித்துக் கையெழுத்திட வேண்டும். எண் மாறினால் மேலே சொன்ன நுட்பம் எதுவும் காப்பாற்றாது.

பயாப்ஸி முடிந்ததும் கரு சுருங்கி இருக்கும். அது மீண்டும் விரியுமுன் ஒவ்வொன்றையும் தனித்தனி ஸ்ட்ராவில் உறைய வைப்போம். அறிக்கை வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம், கரு நைட்ரஜனில் பத்திரமாக இருக்கும். அந்த மாதமே கரு வைக்கப்போவதில்லை என்பதால், முட்டை முதிர ஹெச்.சி.ஜி. ஊசிக்குப் பதில் அகோனிஸ்ட் ஊசி போடலாம். உங்கள் வயதில் நிறைய முட்டை வளரும்போது சினைப்பை வீக்கம், வயிற்றில் நீர் கோத்தல் ஆகியவற்றை இது பெருமளவு தடுக்கும். மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 29 வயதில் 12 முட்டை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முதிர்ந்தவை 9 அல்லது 10. அவற்றில் கருவுறுவது 7 அளவில். பிளாஸ்டோசிஸ்ட் வரை வருவது அதில் பாதி, 3 அல்லது 4. அதில் மேஜர் இல்லாதவை நான்கில் மூன்று என்ற கணக்கில் 2 அல்லது 3. இது சராசரி. மூன்றும் மேஜராக வர 64-இல் ஒரு வாய்ப்பு, மூன்றும் நல்லதாக வர 64-இல் 27. நல்ல கரு ஒன்றை வைத்தாலும் குழந்தையாவது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதிதான். எனவே ஒரே முட்டை எடுப்பில் முடியும் என்று மனத்தையும் பணத்தையும் திட்டமிடாதீர்கள். கட்டணம் கேட்கும்போது முன்தயாரிப்பு, ஒரு கருவுக்குப் பயாப்ஸி, ஒரு கருவுக்குச் சோதனை, உறைநிலைச் சேமிப்பு, பிறகு கரு வைப்பது என ஐந்தையும் பிரித்துக் கேளுங்கள்.

மரபாலோசனை எழுதியது:

சகோதரி, பி.ஜி.டி.-ஏ பற்றிச் சொல்லுமுன் ஒரு விஷயம். உங்களுக்குக் கருத்தரிப்பதில் தடை இல்லை. எனவே ஐ.வி.எஃப். இல்லாத வழியும் உங்கள் முன்னால் வைக்கப்பட்டிருக்க வேண்டும்: இயல்பாகக் கருத்தரித்து, 11 முதல் 13 வாரத்துக்குள் சி.வி.எஸ். மூலம் நஞ்சுத் திசுவை எடுத்துச் சோதிப்பது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் மூன்று பங்கு நல்ல செய்தி. செலவு மிகக் குறைவு. மேஜர் என்று வந்தால் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியிருக்கும். அந்த வேதனை வேண்டாம், அல்லது கலைப்பதில் மனம் ஒப்பவில்லை என்பவர்களுக்குத்தான் பி.ஜி.டி.-எம் உண்மையான வரம். எது உங்களுக்குச் சரி என்று நீங்கள் இருவரும்தான் சொல்ல முடியும். ஆனால் இரண்டையும் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

இதோடு ஒட்டியது: பி.ஜி.டி. எடுத்தாலும் கர்ப்பம் உறுதியானபின் சி.வி.எஸ். அல்லது 16 வாரத்துக்குமேல் பனிக்குடநீர்ச் சோதனை செய்து உறுதிப்படுத்தச் சொல்வோம். மார்க்கரோடு செய்யும் பி.ஜி.டி.-எம்மில் தவறு 1 சதவீதத்துக்கும் குறைவு என்றாலும் சுழியம் அல்ல. தவறுகளுக்கு ஒரு காரணம் கூடத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ஊசி போடும் மாதத்திலும் கரு வைக்கும் மாதத்திலும் பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால், உள்ளே வைத்த கருவுக்குப் பதிலாக இயல்பாக உருவான கரு தங்கிவிடலாம். கருவுறும் திறன் நன்றாக உள்ள உங்களைப் போன்ற தம்பதியருக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. முன்தயாரிப்புத் தொடங்கும் நாளிலிருந்தே ஆணுறை அவசியம். இதைச் சொல்ல மருத்துவர்களே கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, அத்தை மகன் என்பதால் உங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கலாம். தலசீமியா தெரிந்ததால் அதைப் பிடித்தோம். தெரியாத வேறு ஒடுங்கு நோய்க்கும் (இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் வருவது) இருவரும் கேரியராக இருக்கலாம். முன்தயாரிப்பு தொடங்குமுன் இருவருக்கும் பல மரபணுக்களை ஒன்றாகப் படிக்கும் எக்ஸோம் அடிப்படையிலான கேரியர் சோதனை செய்துகொள்ளுங்கள். ஏதாவது சேர்ந்து வந்தால் அதே பயாப்ஸியில் அதையும் பார்க்கும்படி சோதனையை வடிவமைக்கலாம். கருக்களை உறைய வைத்தபிறகு தெரியவந்தால் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டும்.

இப்போது பி.ஜி.டி.-ஏ. குரோமோசோம் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பது அது. 2021-இல் சீனாவில் 20 முதல் 37 வயதுள்ள, நல்ல பிளாஸ்டோசிஸ்ட் குறைந்தது மூன்று உள்ள 1,212 பெண்களிடம் நடந்த ஆய்வில், சோதித்த பிரிவில் 77.2 சதவீதம், சோதிக்காத பிரிவில் 81.8 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. அதாவது இளவயதில் குழந்தை பெறும் வாய்ப்பை அது கூட்டவில்லை. 40-ஐ நெருங்கும்போது கருக்களில் பாதிக்கு மேல் எண்ணிக்கைக் கோளாறு இருப்பதால் அங்கே கணக்கு வேறு. உங்கள் வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு கருவுக்கு இருக்கும்.

ஆனாலும் உங்களுக்கு எப்படியும் பயாப்ஸி நடக்கப்போகிறது, கூடுதலாகக் கருவைத் தொடப்போவதில்லை. கருச்சிதைவையும் வீணான கரு வைப்பையும் கொஞ்சம் குறைக்கும். எனவே செய்வது தவறில்லை. தவறு, மொசைக் என்று வந்ததைத் தூக்கிப்போடுவதில் இருக்கிறது. எடுத்த செல்களில் 20 முதல் 80 சதவீதம் வரை கோளாறு தெரிந்தால் மொசைக் என்று எழுதுகிறார்கள். எடுத்த ஏழு செல் மொத்தக் கருவின் நிலையைச் சொல்லாது. 2015-இலேயே இத்தாலியக் குழு ஒன்று 18 மொசைக் கருக்களை வைத்து ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்ததை வெளியிட்டது. தலசீமியா இல்லாத கரு இரண்டுதான் கையில் இருக்கும்போது, அதில் ஒன்று குறைந்த அளவு மொசைக் என்றால் அதை விட்டுவிடக்கூடாது. வரிசையில் இரண்டாவதாக வையுங்கள். இதைச் செய்வார்களா என்று மையத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சட்டம்: 2021-ஆம் ஆண்டின் ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டம் 25-ஆம் பிரிவு, குடும்பத்தில் முன்பே தெரிந்த மரபுநோய்க்குக் கருவைச் சோதிக்க அனுமதிக்கிறது. உங்கள் தேவை நேராக அதற்குள் வருகிறது. மையம், பாலினத் தேர்வைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின்கீழும் பதிவாகி இருக்க வேண்டும். கரு ஆணா பெண்ணா என்பது அறிக்கையில் வராது. கேட்பதும் சொல்வதும் குற்றம்.

கர்ப்பம் தரித்தபின் ஒரு சிறு குறிப்பு. தலசீமியா மைனர் உள்ள பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் 5 மி.கி. அளவில் தருவது வழக்கம். இரும்பு மாத்திரை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) குறைவாக இருந்தால் மட்டும். ஹீமோகுளோபின் 10 என்பதைப் பார்த்ததும் இரும்பை ஏற்றிவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

வைகை வடகரை கேட்டது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதல் குழந்தைக்கு மேஜர் இருந்து, அந்தக் குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை பொருந்துமாறு இரண்டாவது கருவைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு சாத்தியம்?

மூலக்கூறு எழுதியது:

கணக்கு எளிது, கடினமானதும் கூட. மேஜர் இல்லாமல் இருக்க நான்கில் மூன்று. மஜ்ஜைப் பொருத்தத்தை முடிவுசெய்யும் ஹெச்.எல்.ஏ. பொருந்த நான்கில் ஒன்று. அந்த மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் இருப்பதால் இரண்டும் தனித்தனியாகவே நடக்கும். பெருக்கினால் 16-இல் மூன்று, அதாவது 19 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கருக்கூடம் சொன்னபடி ஒரு முட்டை எடுப்பில் 4 பிளாஸ்டோசிஸ்ட் என்றால் சராசரியாக ஒரு கரு கூடத் தேறாது. பல முறை எடுத்துச் சேர்த்து வைத்துச் செய்வார்கள். இந்தியாவில் இப்படிப் பிறந்த குழந்தையின் மஜ்ஜை 2020-இல் அகமதாபாத்தில் அண்ணனுக்கு மாற்றப்பட்டது. முதல் குழந்தை ஏற்கெனவே இருப்பதால் மார்க்கர் வரிசை பிரிப்பது மட்டும் உங்களுக்கு மிகச் சுலபம். தொடங்குமுன் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் ஹெச்.எல்.ஏ. பார்த்துவிடுங்கள், வீட்டிலேயே பொருத்தம் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம்.

காவேரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு. கேரியர் கருவையும் நார்மல் கருவையும் வைத்துக்கொண்டு எதை முதலில் வைப்பது? வீட்டில் நார்மல்தான் வேண்டும் என்கிறார்கள். ‘முடிவு தெரியவில்லை’ என்று வந்த கருவை என்ன செய்வது?

மரபாலோசனை எழுதியது:

முதலாவதற்கு: கேரியர் குழந்தை உங்களைப் போலவே இருக்கும். நீங்கள் இருவரும் எப்படி வளர்ந்தீர்களோ அப்படி. கிடைப்பதில் பாதி கேரியர், கால்பங்குதான் நார்மல். நார்மல் மட்டும் வேண்டும் என்றால் நல்ல கருக்களில் மூன்றில் இரண்டை நீங்களே ஒதுக்குகிறீர்கள். வளர்ச்சித் தரம் எதற்கு நன்றாக இருக்கிறதோ அதை முதலில் வையுங்கள் என்பதே என் கருத்து. வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லும்போது, உங்கள் அப்பாவும் ஒருவேளை கேரியர்தான் என்பதை நினைவூட்டுங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து திருமணம் பேசும்போது வரப்போகும் துணைக்கு ஹெச்.பி.எல்.சி. எடுத்தால் போதும்.

கருக்கூடம் எழுதியது:

இரண்டாவதற்கு: முதலில் ஏன் தெரியவில்லை என்று கூடத்திடம் கேளுங்கள். மூன்று வகை உண்டு. குழாய் காலி அல்லது செல் சிதைந்தது என்றால் கருவை உருக்கி, மறுபடி பயாப்ஸி எடுத்து, மறுபடி உறைய வைக்கலாம். இரண்டு முறை உறைந்த கரு குழந்தையாகும் வாய்ப்பு கொஞ்சம் குறையும். ஆனால் அதில் பிறந்த குழந்தைகள் நிறைய. கலப்படச் சந்தேகம் என்றாலும் மறுபயாப்ஸிதான் வழி. மூன்றாவது, செல் நன்றாகப் பெருகியது, ஆனால் மரபணுவுக்கு மிக அருகில் குறுக்குமாற்றம் நடந்ததால் மார்க்கர் ஒன்றும் பிறழ்வு ஒன்றும் சொல்கிறது என்றால், மறுபயாப்ஸியிலும் அதே விடைதான் வரும். கருவை வீணாகத் தொடாதீர்கள். அப்போது இன்னும் நெருக்கமான மார்க்கர்களை வைத்து, பெருக்கி மிச்சம் வைத்திருக்கும் அதே டி.என்.ஏ.விலேயே திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மிச்சத்தை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல முடிவு வந்த கருக்களை எல்லாம் வைத்துப் பார்த்தபின்தான் இதற்கு வருவது வழக்கம். எனவே அறிக்கை வந்த அன்றே மறுபயாப்ஸிக்கு அவசரப்பட வேண்டியதில்லை.